பதினெட்டு கிலோமீட்டர் பாக்கி

ஏனுங் தம்பி, சித்தே இக்கட்டால நகந்துக்கிறீங்களா? எனக்கு அந்த ஜன்னலோரம் வேணுமுங்க. கெணத்துக்கடவுல ஏறுறவனுக்கு ஜன்னலோரம் கெடைக்காதுன்னு தெரியும், இருந்தாலும் கேட்டுப்போடறது. அட, எந்திரிச்சே போட்டீங்க! நெம்ப நல்ல மனசுங்க. சும்மா கேக்கலீங்க. இன்னைக்கு எனக்கு இந்தப் பக்கத்து ரோட்டப் பாத்துக்கிட்டே போகோணும். ஏன்னு அப்பறஞ் சொல்றேன்.

அது என்னங்க போன்ல? காருங்களா? பழைய வண்டி... ரெண்டு கதவு... அடடே, ஸ்போர்ட்ஸ் காரு! தெனம் ஆப்பீஸ் போயிட்டு வர்றதுக்கா? எத்தன கிலோமீட்டர் ஓடுன வண்டி வாங்கலாம்னு ரோசனையா?

தம்பி, இந்த பஸ்ஸுல அறுவது பேரு இருக்கறாங்க. அதுல சொந்தமா ஸ்போர்ட்ஸ் காரு வெச்சிருக்கறது ஒரே ஒரு ஆளு. அந்த ஆளுக்குத்தான் இப்ப ஜன்னலோரம் குடுத்தீங்க.

சிரிங்க, சிரிங்க. எல்லாருந்தான் சிரிக்கறாங்க. வீட்டு வாசல்ல நிக்குதுங்க, செக்கச் செவேல்னு. மேல்கூரை தானா மடிஞ்சு பின்னால போயிரும். தரையோட தரையா இருக்கும், ஏறறதுன்னா பாய்ல உக்கார்ற மாதிரி உக்காரோணும், எறங்கறதுன்னா ரெண்டு பேரு கை குடுக்கோணும். கம்பெனிக்காரன் பேரு எனக்கு வாயில நொழையாது. அப்பறம் எதுக்குய்யா பஸ்ஸுல போறேங்கறீங்க. அதுதானுங்க சொல்ல வர்றேன்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. உக்கடத்துல மோட்டார் காயில் கட்டற கடை. கரண்டு ஏறி எறங்கி ஊர்ல இருக்கற பம்புசெட்டெல்லாம் எரிஞ்சு போகோணும், நான் நல்லாருக்கோணும், அப்புடிப்பட்ட பொழப்பு. எங்கூட்டுக்காரி துளசிமணி. கோயமுத்தூர்ல ஒரு ஆசுபத்திரி லேப்ல இருக்கறா, ஊசி குத்தி ரத்தம் எடுக்கறவ. பத்தொம்பது வருசம் இதே பஸ்ஸுலதான் போயிட்டிருந்தா. பாதி நாளு நின்னுக்கிட்டே போவா. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. நானும் பத்தொம்பது வருசமாச் சொல்லிக்கிட்டே இருந்தேன், "துளசி, கையில காசு வரட்டும், அப்பறம் நீ பஸ்ஸு படிய மிதிக்கவே கூடாது"ன்னு. நான் வாக்குக் குடுத்தாக் குடுத்ததுதானுங்க.

போன வருசம் பைபாஸ் ரோட்டுக்கு நெலம் எடுத்தாங்க. காசு வந்துச்சு. நெலம் அவுங்கப்பன் நெலந்தான், அவ பேர்ல இருந்ததுதான். ஆனா தாலுக்கா ஆப்பீசுக்கு அலஞ்சு கையெழுத்துப் போட்டது நானுங்க. சாட்சிக் கையெழுத்து. சாட்சி இல்லாம எந்தப் பத்தரம் செல்லும், நீங்களே சொல்லுங்க.

சரி, காரு வாங்கலாம்னு ஆச்சு. அவ சொன்னா, "சாதா காரு ஒண்ணு போதுமுங்க, நாலு கதவு, ஏசி." நான் சொன்னேன், "வாழ்க்கையில ஒருக்கா வாங்கறம், ஸ்போர்ட்ஸ் காரா வாங்கிருவோம். ரெண்டு பேருதான், ரெண்டே சீட்டு, கணக்கு சரியா இருக்குது." அவ, "ரெண்டு சீட்டுன்னா ஒறம்பரை சொந்தபந்தம் யாரும் ஏற முடியாதுல்ல"ன்னா. முடியாதுன்னேன். "அப்ப சரி"ன்னுட்டா.

பீளமேட்டுல ஜெகன்னு ஒரு புரோக்கர். அவன் பேசறதக் கேக்கோணுங்களே! குரல எறக்கி, ஆசுபத்திரி வார்டுல பேசறாப்புல, "அண்ணா... வண்டீன்னு சொல்லாதீங்ணா. கொழந்தைங்ணா அது. மண்ணு பட்டதில்லீங்ணா. மழை பாத்ததில்லீங்ணா." ரெண்டு கண்ணையுந் தொடச்சுக்குவான். பொண்ணு கட்டிக் குடுக்கறவன்கூட அப்புடி அழுகமாட்டான்.

ரெண்டு வண்டி காட்டுனான். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலு. ஒண்ணு வெள்ளிக் கலரு, ஏழு வருசத்து வண்டி, ஓடுனது எம்பத்தி நாலாயிரத்துச் சொச்சம். பல்லடத்துல ஒரு மாட்டு டாக்டரம்மா வெச்சிருந்தது. தெனம் அதுலதான் மாட்டுக்கு ஊசி போடப் போகும். நெனச்சுப் பாருங்க, ஸ்போர்ட்ஸ் காருல போயி எருமைக்கு வைத்தியம்! வண்டிக்குள்ள இன்னும் புண்ணாக்கு வாசம் அடிக்குது. இன்னொண்ணு செகப்பு. பன்னண்டு வருசத்து வண்டி. ஓடுனது எவ்ளோங்கறீங்க? ஒம்பதாயிரத்து நானூத்திப் பன்னண்டு. பன்னண்டு வருசத்துக்கும் சேத்து!

"மீட்டர்ல நம்பர எறக்கியிருப்பான்"னு நீங்க நெனைக்கறீங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. நானும் அப்புடித்தான் நெனச்சேன். ஆனா இந்த நாச்சிமுத்துகிட்ட அந்த வித்தையெல்லாம் நடக்காதுங்க. எழுதி வெச்சுக்கோங்க தம்பி, உங்களுக்கு ஆகும். மொதல்ல காலு வெக்கற எடத்துல பாக்கோணும். பிரேக் பெடல்ல ரப்பரு இருக்கும், அதுல கோடு கோடா வரி இருக்கும். லச்சம் ஓடுன வண்டீன்னா அந்த வரி மழுங்கிக் கெடக்கும். மீட்டர் இருவதாயிரங்காட்டி, ரப்பரு வழுக்கையா இருந்தா, அவன் பொய் சொல்றான். ரெண்டாவது ஸ்டேரிங்கு. கை பட்ட எடம் பளபளன்னு மின்னும். மூணாவது டிரைவர் சீட்டு, கதவோரத்து மேடு அமுங்கியிருக்கும், ஏறி எறங்கற குண்டி அங்கதான ஒரசும். அப்பறம் டயரு. டயரு ஓரத்துல நாலு நம்பர் இருக்குமுங்க. முன்னால ரெண்டு எத்தனாவது வாரம், பின்னால ரெண்டு எந்த வருசம். டயரு பொறந்த தேதி அது.

செகப்பு வண்டிய நான் அப்புடி அக்குவேறு ஆணிவேறா பாத்தேன். பெடல் ரப்பரு, நேத்து ஒட்டுனாப்புல வரி வரியா இருக்குது. சீட்டு மேடு கிண்ணுன்னு நிக்குது. டயர்ல தேதி பாத்தா பன்னண்டு வருசத்துக்கு முந்துனது. வண்டி கூடவே வந்த டயரு, புது டயர்ல நீட்டிக்கிட்டிருக்கற ரப்பரு முள்ளுகூட இன்னும் தேயல! பெல்ட்டு, ஓஸு, எல்லாம் கம்பெனியில மாட்டுனது மாட்டுனபடி. மீட்டரு சத்தியங்க தம்பி. நூத்துக்கு நூறு சத்தியம்.

வண்டிக்காரரு ஒரு பல்லு டாக்டரு. அவரு பேசறது, வாயில பஞ்சு வெச்சுக்கிட்டுப் பேசறாப்புல இருக்கும். "மாசத்துல ஒரு தடவ... கோயிலுக்கு மட்டும்... மழை வந்தா எடுக்கமாட்டேன்... வெயில் ஜாஸ்தீன்னாலும் எடுக்கமாட்டேன்..." அப்ப எப்பய்யா எடுப்பேன்னு நான் கேக்கல. கேட்டிருக்கோணும்ங்கறீங்களா? எதுக்குங்க? எடுக்காததுதான விசேசமே!

நான் செகப்புக்குள்ள தலைய உட்டுக்கிட்டு இருக்கறேன், எங்கூட்டுக்காரி என்ன பண்றாங்கறீங்க? வெள்ளி வண்டிக்குள்ள உக்காந்து ஃபைலு படிக்கறா. மாட்டு டாக்டரம்மா ஒரு தடி ஃபைலு குடுத்திருக்குது. இவளுக்குக் காயிதத்தப் பாத்தா போதும், ரிப்போர்ட்டு பாக்கற மாதிரி வெரல வெச்சு வரி வரியா எறங்குவா. "ஏனுங்க, இதுக்குப் பத்தாயிரத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்தியிருக்குது. டயரு போன வருசம் புதுசு. பிரேக் கட்டை மாத்துன பில்லு இருக்குது. அந்தச் செகப்புக்குப் பன்னண்டு வருசத்துல ரெண்டே ரெண்டு பில்லு. ஒண்ணு வண்டி தொடைக்கற துணி வாங்குனது."

நான் சொன்னேன், "புள்ள, ஓடுனாத்தான ஆயில் மாத்தோணும்? சாப்படாதவன் எதுக்குக் கை கழுவறான்?"

அதுக்கு அவ, "ரத்தம் எடுத்து டியூப்ல ஊத்துனா அப்புடியே வெக்கப்படாதுங்க. சாய்ச்சு சாய்ச்சு ஆட்டிக்கிட்டு இருக்கோணும். சும்மா நின்னா கட்டியாயிரும். அப்பறம் மிசினுக்குள்ள போகாது"ன்னா.

இதுக்குத்தானுங்க பொம்பளைகளக் காரு பாக்கக் கூட்டிட்டுப் போகக்கூடாதுங்கறது. காரப் பத்திப் பேசினா ரத்தத்தப் பத்திப் பேசறா. ஜெகன் அந்தப் பக்கம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறான். செகப்புக்கு வெல ஒண்ணரை மடங்கு. வாங்கிப்போட்டேன்.

மொத நாளு ரெண்டு பேரும் மாலையெல்லாம் போட்டு வண்டியில வர்றோம். துளசி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, மேல்கூரைய மடிச்சு உட்டு, ஆத்துப்பாலத்துல நின்னவங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. ஈச்சனாரிப் பிள்ளையார் கோயில் தாண்டல. முன்னால இருந்து ஆவி வருது பாருங்க, இட்லிக் குண்டாவத் தொறந்தாப்புல! தண்ணி போற ஓஸு வெடிச்சுப் போச்சு. கோயிலுக்கு வந்தவங்க வண்டிக்குத் திட்டி சுத்திப் போடச் சொல்றாங்க. துளசி மாலையக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, பட்டுச்சேலையோட இதே பஸ்ஸுல நின்னுக்கிட்டு வீட்டுக்குப் போனா. அவளுக்குப் பொறுமை பத்தாதுங்க.

எங்கடைக்குப் பக்கத்துல ஹக்கீம் பாய்னு மெக்கானிக்கு. வண்டிக்கடியில படுத்தாரு. பத்து நிமிசங் கழிச்சுத் தலைய மட்டும் நீட்டி, "என்னங்க நாச்சிமுத்து, வண்டிய யாராச்சும் ஊறுகா போட்டு வெச்சிருந்தாங்களா?"ங்கறாரு. "ரப்பரு பூராம் அப்பளமாட்ட இருக்குது. தொட்டா நொறுங்குது. பெல்ட்டு எப்ப அறும்னு தெரியாது, அறுந்தா இஞ்சினு காலி. டயர்ல வெடிப்பு பாருங்க, இதுல எம்பது கிலோமீட்டர் வேகத்துல போனா நேரா மேலதான். ஒயர எலி தின்னுருக்குது."

"மீட்டரு, பாய்?"ன்னு கேட்டேன்.

"மீட்டரு நல்லாருக்குது"ன்னாரு.

பாத்தீங்களா! மெக்கானிக்கே ஒத்துக்கிட்டாரு. நான் ஏமாறல.

டயரு நாலு, பெல்ட்டு, ஓஸு, சீலு, பெட்ரோல் பம்பு, ஒண்ணொண்ணா மாத்தி மூணு மாசமாச்சு. கடைசியில பாத்தா, வண்டியில பழசுன்னு இருந்தது மீட்டரும் நானுந்தான். சரின்னு தெனம் கடைக்கு ஓட்ட ஆரம்பிச்சுப் பத்து நாளு ஆகறப்ப ஜெகன் போன் பண்றான். "அண்ணா, கொழந்தை எப்புடீங்ணா இருக்குது? எவ்ளோ காட்டுதுங்ணா? ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரமா? அய்யய்யோ, அண்ணா, பத்தாயிரத்தத் தொட உட்டுறாதீங்ணா. நாலு நம்பர்ல இருந்தாத்தான் அது ராணி. அஞ்சு நம்பர் ஆச்சு, டாக்சிதாங்ணா."

அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் வரலீங்க. வண்டி எடுத்தா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நெஞ்சுல சுருக்குங்குது. எதுத்தாப்புல வர்ற வண்டியப் பாக்கறதா, மீட்டரப் பாக்கறதா? ஒருக்கா மாட்டு மேல உடப் பாத்தேன். அன்னைக்கு நிறுத்துனதுதான். இப்ப ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தி ரெண்டுல நிக்குது. பத்தாயிரத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர் பாக்கி. வீட்டுல இருந்து கடைக்கு எவ்ளோங்கறீங்க? இருவத்தி நாலு. போனா பாதி வழியில எறங்கித் தள்ளோணும். அதுதானுங்க பஸ்ஸு.

அதுக்காக வண்டியப் பாக்காம இல்ல. ஞாயித்துக்கெழமையானா கழுவறதுக்குக் கொழாய்ப் பக்கமாத் தள்ளுவேன். சாவி போடாமத் தள்ளுனா மீட்டரு ஏறாது தம்பி, இந்த நுணுக்கமெல்லாம் யாரு சொல்லிக் குடுப்பா? சர்வீசுக்குக் கொண்டு போறதுன்னா ரெக்கவரி லாரியில ஏத்திக் கொண்டு போவேன். போறப்ப லாரிக்காரன் கேக்கறான், "ஏனுங்ணா, வண்டி என்ன ரிப்பேரு?" ஒண்ணும் ரிப்பேரு இல்ல, நல்லா ஓடுது, அதனாலதான் லாரியில போகுதுன்னேன். அவன் அப்பறம் எங்கூடப் பேசறதே இல்ல. ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் டயருக்கடியில வெச்சு ஏத்துவம்ல? எதுக்குங்க வீணா ஒரு முழம் ஓட்டறது? சுத்தியல எடுத்து நானே பழத்த நச்சுனு நசுக்கி, டயருக்கு முன்னால வெச்சுட்டேன். சாமிக்குப் பழம் நசுங்கோணும், அவ்ளோதான?

விக்கலாம்னா வர்றவனெல்லாம் ஓட்டிப் பாக்கோணுங்கறான். ஓட்டிப் பாக்கறதுக்கு அவுங்கப்பனா கிலோமீட்டரு குடுப்பான்? நின்ன எடத்துல உக்காந்து பாருங்க, ஹாரன் அடிச்சுப் பாருங்கன்னேன். ஓடிப் போயிர்றானுக.

இதுக்கு நடுவுல துளசி என்ன பண்ணுனாங்கறீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. மிச்சம் இருந்த காச எடுத்துக்கிட்டு நேரா பல்லடம் போயி, அந்த வெள்ளி வண்டிய வாங்கிப்போட்டா. எம்பத்தி நாலாயிரத்து அறுநூறு! அதையுந்தான் ஒருத்தனும் சீந்தல. ஓட்டத் தெரியுமான்னு கேட்டா, லேப்ல சேந்த வருசமே லைசென்சு எடுத்துட்டாளாம். பத்தொம்பது வருசமா என்கிட்டச் சொல்லவே இல்ல. நான் கேக்கலையாம்.

நானும் சொல்லிப்போட்டேன், "எருமைக்கு ஊசி போட்ட வண்டியில என் பொடனி சாயாது"ன்னு. ஆம்பளைங்க. சொன்னது சொன்னதுதான்.

ஒரு வருசம் ஆகப்போகுது. தெனம் போறா, தெனம் வர்றா. ஒரு நாளு நிக்கல, ஒரு ஓஸு வெடிக்கல. அவளுக்கு யோகமுங்க, வேறென்ன. மொதல்ல நாலு மாசம், நான் ஸ்டாப்புல நிக்கறப்பப் பக்கத்துல நிறுத்தி, கண்ணாடிய எறக்கி, "வர்றீங்களா?"ம்பா. நான் அக்கட்டால திரும்பிக்குவேன். அப்பறம் நிறுத்தறத உட்டுட்டு ஹாரன் மட்டும். இப்ப ஆடி மாசத்துல இருந்து அதுவும் இல்ல. பக்கத்து சீட்டுல சோத்துப் பைய வெச்சு, அதுக்கு பெல்ட்டு வேற மாட்டியிருக்கறா. புருசனுக்கு பஸ்ஸு, புளிச்சோத்துக்கு பெல்ட்டு. எனக்கென்னங்க வந்துச்சு? ஆனா ஒரு ஹாரன் அடிச்சா என்ன கொறைஞ்சு போயிரும்ங்கறேன்.

இன்னைக்கு எதுக்கு ஜன்னலோரங்கறீங்களா? வெளிய சொல்லப்படாது. அவ சாயங்காலம் வந்து வண்டிய நிறுத்திட்டு உள்ள போனதும், நான் போயி கண்ணாடி வழியா மீட்டரப் பாத்துட்டு வருவேன். அந்த வண்டியில கதவப் பூட்டுனாலும் மீட்டரு கொஞ்ச நேரம் எரியும். தெனமும் பாப்பேன். சும்மா, எவ்ளோ கெட்டுப் போச்சுன்னு பாக்கறதுக்கு. நேத்து பாத்தா தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தி ஆறு. தம்பி, இன்னைக்கு லச்சம்! அஞ்சு ஒம்பது ஒண்ணா நின்னு, அப்புடியே ஒண்ணுக்குப் பின்னால அஞ்சு சுழியா உழுகும். ஒரு வண்டியில வாழ்நாள்ல ஒருக்காத்தான் வரும். என் செகப்பு அதப் பாக்கோணும்னா ஏழு தலமுறை ஆகும். அதான், அவ தாண்டிப் போறப்ப இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, கூரை தொறந்திருந்தா... தெரியாதுதான். ஆனாலும்.

அவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது? மீட்டருன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாம ஓட்டறவ.

இருங்க, போன் அடிக்குது. அவதான்! இந்நேரத்துல கூப்புடமாட்டாளே... ஆ, சொல்லு புள்ள. பஸ்ஸுல. எங்க நிக்கறே? ஈச்சனாரி ஸ்டாப்பா? அட, எப்பத் தாண்டிப் போனே, நான் இங்க ஒருத்தருக்குப் புத்தி சொல்லிட்டு இருந்தனா, கவனிக்கல. ஏன், ஓஸு கீஸு போச்சா? என்னது? எவ்ளோ காட்டுது? ...எல்லாமா? அஞ்சுமா? ...நகத்தாத! வண்டிய நகத்தாத!

தம்பி, அஞ்சும் ஒம்பதுல நிக்குதாம். ஸ்டாப்புல ஓரங்கட்டி நிறுத்தி வெச்சிருக்கறாளாம். "வந்து பாக்கறதுன்னா பாருங்க. அஞ்சு நிமிசந்தான். லேப்புல ஆளுக வெறும் வயித்தோட எனக்காகக் காத்துட்டு இருக்கறாங்க"ங்கறா. உனக்கெப்புடித் தெரியும்னு கேட்டா, "தெனம் காத்தால கண்ணாடியில உங்க மூக்குத் தடத்தத் தொடைக்கறது நாந்தான"ங்கறா.

அந்தா கோயில் தெரியுது. அந்தா வெள்ளி வண்டி. வழி உடுங்க தம்பி, கால மடக்குங்க.

நான் ஒண்ணும் அதுல போகப் போறதில்லீங்க, தப்பா நெனைக்காதீங்க. நம்பர் உழுகறத மட்டும் பாத்துட்டு வந்தர்றேன். நம்பர் உழுகோணும்னா வண்டி நகரோணும், நகர்ற வண்டிய வெளிய நின்னு பாக்க முடியாதுல்லீங்க, அதனால ஒரே ஒரு கிலோமீட்டரு உள்ள உக்காருவேன். அவ்ளோதான். இந்த சீட்டு எனக்கு வேணும், வெச்சிருங்க. பைய எதுக்கு எடுக்கறேன்னா... பை கெடக்கட்டும், அத உடுங்க.

கண்டக்டரு, ஹோல்டான்! எறங்கோணும்! உக்கடத்துக்கு டிக்கெட்டு எடுத்தா ஈச்சனாரியில எறங்கப்படாதா? எந்தச் சட்டத்துல இருக்குது? உசிலு ஊதாதீங்க, சித்தே இருங்க!

துளசி! ஏ துளசி! அந்தச் சோத்துப் பைக்கு மாட்டுன பெல்ட்ட மொதல்ல கழட்டு!